வலது பக்கம்

வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் தொட்டாச்சிணுங்கி. எறும்பு கடித்தாலும் ஊரைக் கூட்டுவாளாம். பெயர் வைத்தவள் அக்கா. இரண்டு பிள்ளைகளையும் மூச்சுக் காட்டாமல் பெற்றதாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்கிறவள்.

இவள் வயிற்றில் இரட்டை. "ரெண்டாவது குழந்தை எப்படித் திரும்பும்னு சொல்ல முடியாதும்மா. முதுகுல குழாய் இருந்தா, அவசரத்துக்கு அதுலயே மருந்து ஏத்தி ஆபரேஷன் பண்ணிடலாம். நீங்க முழிச்சிட்டே இருக்கலாம்" என்றார் மயக்க டாக்டர். உடனே தலையாட்டினாள். இரண்டு அழுகையையும் காதால் கேட்க வேண்டும். ஏழு வருடம் காத்திருந்தது அதற்குத்தான்.

மூன்று முறை குத்தித்தான் முதுகில் இடம் கிடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. "வலிக்காம இருக்கப் போடுற ஊசிக்கே இவ்வளவா?" என்று பக்கத்தில் நின்ற அக்கா சிரித்தாள்.

அரை மணியில் இடது கால் மரக்கட்டையாகிவிட்டது. வலது பக்கம் மட்டும் மரத்துப்போகவே இல்லை. பிரசவ வலி முழுவதும் அங்கேயே வந்து குடியேறியது. மரத்துவிட்டதா என்று டாக்டர் வயிற்றின் இரண்டு பக்கமும் ஐஸ் கட்டியை வைத்துப் பார்த்தார்.

"இங்க ஜில்லுனு இருக்கா?"

வலது பக்கம் சுரீர் என்றது. "இல்ல டாக்டர்" என்றாள். மறுபடி குத்துவார்களோ என்ற பயம் பாதி, அக்காவின் சிரிப்பு மீதி. பொய் சொல்ல நல்ல நேரம் பார்த்தாள்.

இரண்டு மணி நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பெண் குழந்தை பிறந்து வீறிட்டது. "பரவால்லயே, தொட்டாச்சிணுங்கி தேறிட்டா" என்றாள் அக்கா. அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது, அந்த வலியிலும்.

அப்புறம் அறையில் பேச்சு குறைந்தது. இரண்டாவது குழந்தை குறுக்கே திரும்பிவிட்டது. அதன் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. அக்காவை வெளியே அனுப்பிவிட்டு, கட்டிலை ஆபரேஷன் அறைக்குத் தள்ளினார்கள். மயக்க டாக்டர் குழாயைக் கையில் எடுத்தார்.

"டாக்டர், வலது பக்கம் மரத்துப்போகவே இல்ல. அப்ப பொய் சொன்னேன்."

அவர் கை நின்றது. "குழாயை ஒரு சென்டிமீட்டர் வெளிய இழுத்துவிட்டிருந்தாலே சரியாயிருக்கலாம்மா. திரும்பக் குத்தணும்னுகூட இல்ல. இப்ப அதுக்கு நேரமில்ல. முழுசாத் தூங்க வைக்கணும்." குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தாலாவது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"தூங்கினா எனக்குக் கேக்காதே" என்று சொல்ல வாயெடுத்தாள். முகத்தில் மாஸ்க்கை வைத்துவிட்டார்கள்.

கண் விழித்தபோது பக்கத்தில் இரண்டு தொட்டில்கள். "பையன் என்ன கத்து கத்தினான் தெரியுமா? வராந்தா வரைக்கும் கேட்டுச்சு" என்றான் கணவன். அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. தரை துடைக்க வந்த ஆயாவுக்குக்கூடக் கேட்டிருக்கிறது.

நர்ஸ் வந்து, "வலி இருக்காம்மா?" என்று கேட்டாள்.

"அவளுக்கென்ன, நோகாம ரெண்டு பெத்துட்டா" என்று அக்கா முந்திக்கொண்டாள்.

"வலிக்குது" என்றாள் அவள். "அப்பவும் வலிச்சுது. உன்கிட்ட நல்ல பேர் வாங்கத்தான் வாயை மூடிட்டுக் கிடந்தேன்க்கா."

பையன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் எப்போது எழுந்து அழுவான் என்று அவள் தொட்டிலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.