நாற்பது கண்ணி மிச்சம்

பின்னலை முடிக்க, நூற்றிருபது கண்ணியில் எண்பதை மூடியாயிற்று. மீதி நாற்பது ஊசியில் தொங்குகிறது. கையில் இருப்பதோ ஒரு சாண் வெள்ளை நூல்.

குழந்தைப் போர்வை. வீட்டில் மூலைக்கொன்றாகக் கிடந்த மிச்ச நூலையெல்லாம் கூட்டிச் சேர்த்துப் பின்னியது. நடுவில் பச்சை, நீலம், பழுப்பு என்று ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத பட்டைகள். சண்டையை அடக்கச் சுற்றிலும் வெள்ளைக் கரை. அந்தக் கரையின் கடைசி வரிசையில்தான் நூல் கழுத்தறுத்துவிட்டது.

தம்பிக்குப் பெண் பிறந்து நாலு நாள். இன்று மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிறாள். தம்பி மனைவி இந்த ஆறு வருடத்தில் நான் கொடுத்த எதையும் தொட்டதில்லை. திரைச்சீலை பரண் ஏறியது, கைப்பை அவள் தங்கையின் தோளுக்குப் போனது. நேற்று போனில் சொன்னாள்: “மூணுக்குள்ள வந்துட்டா உங்க போர்வையிலயே சுத்திக்கறேன் அண்ணி. இல்லன்னா அம்மா கடையில வாங்கினது ரெடியா இருக்கு.” அந்த ‘இல்லன்னா’வைச் சப்புக்கொட்டிச் சொன்னாள்.

போர்வையை ஆபீசுக்கே எடுத்துப் போயிருந்தேன். அங்கே என் பக்கத்து மேஜைக்காரி, தடிக் கண்ணாடி போட்டதால் நாங்கள் ‘கண்ணாடி’ என்று கூப்பிடுபவளிடம், வெள்ளை நூல் இருந்தது. இருவரும் ஒரே கடையில் வாங்கியது. இழுப்பறையைத் திறந்து காட்டிவிட்டு மூடினாள்.

“கொஞ்சம் கொடேன்.”

“கொடுக்கலாம். உன் ஜன்னல் சீட்டு நல்லா காத்தா இருக்கு.”

“வாரத்துல ரெண்டு நாள் உக்காந்துக்கோ.”

“எனக்கு வேர்க்கறது அஞ்சு நாளும்.”

“மூணு நாள். மின்விசிறியையும் உன் பக்கம் திருப்பி விடறேன்.”

“போர்வைக்கு நாப்பது கண்ணி, எனக்கு ஒரு ஜன்னல். யாருக்கு அவசரம்?”

கொடுத்தேன். நாற்காலி மாறியது, நூல் மாறியது. பத்துக் கண்ணி மூடியபின் ஜன்னலோரம் போய்ப் பார்த்தால், அது வெள்ளையே இல்லை. பழைய பல் நிறம். துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்காமல் கை நீட்டாதே என்று கேட்டுக் கேட்டு அப்பாவின் ஜவுளிக்கடையில் வளர்ந்தவள் நான். டியூப்லைட் என்னை விற்றுவிட்டது.

“இது வேற நிறம். சீட்ட விடு.”

“கைமாறின சரக்கு” என்று காற்று வாங்கினாள் கண்ணாடி.

பத்துக் கண்ணியையும் பிரித்தேன். மணி இரண்டு. பழையபடி நாற்பது கண்ணியும் ஊசியுமாகப் போர்வையைச் சுருட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

அறையில் பெட்டி கட்டியாயிற்று. கட்டிலில் ரிப்பன் பிரிக்காத கடைப் போர்வை. தம்பி வாசலில் நின்று என் ஊசியைப் பார்த்தான். “அக்கா, குழந்தைக்குக் குத்தப் போகுது.”

“நூல் போதல” என்றேன். எனக்கே அழுகை வரும்போலிருந்தது.

தம்பி மனைவி போர்வையை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். “ஏன் அண்ணி, கடைசி வரிசையப் பிரிச்சிருந்தா நூல் கிடைச்சிருக்குமே.”

போட்ட வரிசையைத் திரும்ப எடுப்பது என் ரத்தத்தில் இல்லை. வெளியிலிருந்து வாங்கத்தான் தோன்றியதே தவிர, உள்ளே ஒரு வரிசையை விட்டுக்கொடுக்கத் தோன்றவில்லை.

“உனக்குப் பின்னத் தெரியுமா?”

“நீங்க கேக்கவேயில்லையே.”

குழந்தையை என் மடியில் போட்டாள். மூடிய எண்பதையும் பிரித்து, அதற்குக் கீழே ஒரு வரிசையையும் சரசரவென்று உருவினாள். நூற்றிருபதையும் மூடி முடித்தபோது இன்னும் ஒரு முழம் மிச்சமிருந்தது. தம்பி இரண்டு முறை கடிகாரத்தைக் காட்டினான். இரண்டு முறையும் முறைத்து அனுப்பினாள்.

குழந்தை என் போர்வையில்தான் கிளம்பியது. வராந்தாவில் நர்ஸ் நிறுத்தி, கரையைத் தடவிப் பார்த்தாள். “அழகா இருக்கே. யார் பின்னினது?”

“நான்தான் முடிச்சேன்” என்றாள் தம்பி மனைவி.

இரண்டு மாதம் கண் எரியப் பின்னியவள் நான். மறுத்துப் பேசினால் போர்வை குழந்தையை விட்டு இறங்கிவிடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.