எனக்குக் காட்டவில்லை

அமீர் அலி பாயும் போய்விட்டார், அவர் மனைவி மதீனா பீவி அக்காவும் போய்விட்டார். இனிமேல் இதைச் சொன்னால் கெட்ட பெயர் எனக்கு மட்டும்தான். வரட்டும், எனக்கு வரவேண்டியதுதான்.

ரங்கூன் மெர்ச்சண்ட் தெருவில் ஸ்பெயின் தேசத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்று இருந்தது. மணிலாவில் சண்டை வந்து ஸ்பெயின்காரர்கள் மூட்டை கட்டிய காலத்தில், எமீலியோ தொரை இங்கே வந்து போட்ட கடை. நான் சொல்வது 1927. அப்போது கடைக்கு இருபத்தெட்டு வயது. வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி ஆட்களும் ஆர்மீனிய வியாபாரிகளும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோற்றுக்காகவே வருவார்கள். குங்குமப்பூ போட்ட மஞ்சள் சோறு. வண்டிச் சக்கரம் போல அகன்ற இரும்புச் சட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் மேசை நடுவில் வைப்போம். தட்டு கிடையாது. அவரவர் தம் முன்னால் இருக்கிற ஓரத்திலிருந்து கரண்டியால் எடுத்து நடுவை நோக்கிப் போகவேண்டும். பக்கத்து ஆளின் எல்லைக்குள் கரண்டி போனால், ஜட்ஜாக இருந்தாலும் தொரை அதட்டுவார். முதல் கரண்டி மட்டும் ஓர் ஆர்மீனியக் கிழவிக்கு. கடை திறந்த அன்றைக்கே வந்து சாப்பிட்டவள் அவள்.

அந்தச் சோற்றை ஆக்கியவர் ஸ்பெயின்காரர் இல்லை. எங்கள் அமீர் அலி பாய். அதிராம்பட்டினத்துக்காரர், ஐந்து வேளை தொழுகிறவர். சோற்றில் பன்றித் தொத்திறைச்சி போடவேண்டும் என்பது தொரையின் சட்டம். அதை நறுக்குவதும் போடுவதும் ஒரு சீனன். பாய் அடுப்பையும் உப்பையும் பார்த்துக்கொள்வார், ஆனால் அந்தச் சமையலறையில் வெந்த எதையும் நாக்கில் வைக்கமாட்டார். ருசி பார்ப்பது நான். பெயருக்கு வெயிட்டர் குழந்தைவேலு, நிஜத்தில் பாயின் நாக்கு. அவர் என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவார். நான் நக்கிவிட்டு, "உப்பு ஒரு கல்லு" என்பேன், "புளிப்பு முந்துது" என்பேன். இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான் ஓடியது. எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. தட்டுத் தூக்க ஆயிரம் பேர் கப்பலில் வந்து இறங்குகிறார்கள். என்னைத் தொரை விடாமல் வைத்திருந்தது இந்த நாக்குக்காகத்தான்.

அந்த வருஷம் தை மாதம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்து எழுந்தேன். எழுந்தபோது நாக்கு செத்துப்போயிருந்தது. புளியும் சீனியும் ஒன்றாக இருந்தன. மிளகாயைக் கடித்தால் கண்ணில் தண்ணீர் வரும், அவ்வளவுதான். நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பாயின் கை தப்பாத கை. அந்தத் தைரியத்தில், அவர் சொட்டு விட்டதும் நக்கிவிட்டு, "சரியா இருக்கு பாய்" என்று சொல்லிக்கொண்டே ஒன்றரை மாதம் ஓட்டினேன். ஒரு சட்டிகூடக் கெடவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். மானங்கெட்டவன்.

நோன்பு தொடங்கிய முதல் ஞாயிறு, கடையின் ஆண்டு விழா. அறுபது பேர் வந்திருந்தார்கள். அன்றைக்குச் சோற்றில் தொத்திறைச்சியோடு உப்புமீனும். எங்கள் கருவாட்டுக்குப் பெரியப்பா மாதிரி, உப்பிலேயே புதைந்து கப்பலில் வரும் மீன் அது. தண்ணீர் மாற்றி மாற்றி இரண்டு நாள் ஊறவைக்க வேண்டும். பாய் ஊறவைத்திருந்தார். உதடு வறண்டு போய் அடுப்படியில் நின்றவர், என் கையில் சொட்டு விட்டார்.

"நல்லாப் பாரு வேலு. இந்தத் தடவை மீன் புதுச் சரக்கு."

"சரியா இருக்கு பாய்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன், எடுக்கலாம்."

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள். நானே சட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன்.

ஆர்மீனியக் கிழவி முதல் கரண்டியை வாயில் வைத்தாள். மென்றாள், நிறுத்தினாள், கைக்குட்டையை வாயருகே கொண்டுபோனாள். பிறகு ஒரு முழு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். தொரை ஒரு வாய் எடுத்துப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. சோறு உப்பாகக் கரித்திருக்கிறது. மீனின் உப்பு ஊறியும் போகவில்லை, அதன் மேல் பாய் வழக்கமான உப்பைப் போட்டிருக்கிறார். நாக்கு உள்ள எவனும் ஒரு சொட்டில் கண்டுபிடித்திருப்பான்.

தொரை சமையலறைக்கு வந்தார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் சாப்பாட்டு நேரத்தில் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. ரங்கூனில் கற்ற தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"யாரு வாயில் வெச்சுப் பாத்தது?"

பாய் என்னைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய் தானாகத் திறந்தது.

"இன்னிக்கு எனக்குக் காட்டல தொரை."

சொல்லிவிட்டேன். அவ்வளவு சுலபமாக வந்தது. பாய் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார்.

"ஆமா தொரை," என்றார். "அவன்கிட்டக் காட்டல. என் தப்பு."

அங்கியைக் கழற்றச் சொன்னார் தொரை. பாய் கழற்றி, மடித்து, மேசைமேல் வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். நான் அவருக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றேன்.

சாயங்காலம் பாத்திரம் துலக்குகிற ரத்தினம்மாள் அந்தச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனதும் நிமிராமலே பேசினாள்.

"உன் நாக்கு செத்தது எனக்கே தெரியும். பாயிக்குத் தெரியாதா?"

சட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே மேலும் சொன்னாள்.

"தை மாசத்திலிருந்து அவர்தான் வாயில வெச்சுப் பாத்தாரு. நீ தட்டெடுக்கப் போனதும் ஒரு சொட்டு. உடனே குழாயடிக்கு ஓடுவாரு. ஏழெட்டுத் தடவை வாய் கொப்பளிப்பாரு. ஒரு நாள் அங்கயே குந்தி அழுதாரு. நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சதும், 'ரத்தினம், வேலுவுக்கு வேற வேலை தெரியாது'ன்னாரு."

"இன்னிக்கு?"

"நோன்புய்யா. நோன்பு நாள்ல அதை வாயில வெக்க அவருக்கு மனசு வரல. என்கிட்டயாவது குடுங்கன்னேன். 'அவன் இருக்கும்போது உன்கிட்டக் குடுத்தா அவனுக்கு அவமானம்'னுட்டாரு."

அவள் மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். டிராம் பிடித்து, பாய் குடியிருந்த க்யிம்யிண்டைங் போனேன்.

பாய் வீட்டு வாசலில், படகுத்துறையைப் பார்த்தபடி முகம் கழுவிக்கொண்டிருந்தார். நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"ரத்தினம்மா எல்லாம் சொல்லிட்டா பாய். நான் தொரைகிட்டப் போயி உண்மையைச் சொல்லிடறேன்."

"சொன்னா உன்னையும் அனுப்பிடுவாரு. ஒருத்தர் போனது போதும்," என்றார். "எனக்கும் வயசாச்சு. அடுத்த கப்பல்ல ஊருக்குப் போறோம்."

"என்னால தாங்க முடியல பாய்."

"தாங்கிக்க. எனக்காக ஒண்ணு மட்டும் செய். நான் அதை வாயில வெச்சது மதீனாவுக்குத் தெரியக் கூடாது. அல்லாகிட்ட நான் பேசிக்குவேன். அவ முகத்தை என்னால பாக்க முடியாது."

பாங்கு கேட்டது. உள்ளே கூட்டிப்போய் என்னைக் கோரைப்பாயில் உட்கார வைத்தார். மதீனா அக்கா எனக்கும் ஒரு கோப்பை கஞ்சி வைத்தார். அவர் கண் வீங்கியிருந்தது.

"இத்தனை வருஷம் ஒருத்தர் வாயில ஒரு சொல் கேக்காத மனுஷன் தம்பி. இன்னிக்கு உப்பைக் கொட்டிக் கெடுத்துட்டு வந்து நிக்கிறாரு. உங்ககிட்டக் காட்டலைங்கிறாரு, ஏன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறாரு. நிஜமாவே உங்ககிட்டக் காட்டலையா?"

பாய் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் ஒரு துளி இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. காட்டினார் என்று சொன்னால், என் நாக்கின் கதையைச் சொல்லவேண்டும். அதைச் சொன்னால், ஒன்றரை மாதம் யார் ருசி பார்த்தது என்று அக்கா கேட்பார். மத்தியானம் என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய்யை இப்போது அவருக்காகச் சொல்லவேண்டியிருந்தது.

"இல்லக்கா," என்றேன். "எனக்குக் காட்டல."

"பாத்தியா, நான்தான் சொன்னேன்ல," என்று பாய் மனைவியிடம் சொல்லிவிட்டு, பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினார்.