கோழி தீர்ந்துவிட்டது

விமானத்தின் மூக்குப் பக்கத்தில், விமானிகளின் அறைக்குப் பின்னால், எங்கள் கம்பெனி ஒரு வீடு கட்டி வைத்திருக்கிறது. கூடம், படுக்கையறை, குளியலறை. கூடத்தில் சோபா, படுக்கையறையில் இரண்டு பேர் தாராளமாகப் புரளக்கூடிய கட்டில், குளியலறையில் வெந்நீர் ஷவர். அத்தனையும் ஒரே ஒரு பயணிக்கு. இதற்கு 'இல்லம்' என்று பெயர். அதில் ஒரு தடவை போய்வருகிற காசுக்கு என் இல்லத்தையே விலை பேசி முடித்துவிடலாம், அது வேறு கதை.

நான் பதினாறு வருஷம் அதே விமானத்தின் வால் பக்கம் வேலை பார்த்தவன். தள்ளுவண்டியோடு பிறந்தவன் மாதிரி திரிந்ததால் எனக்கு 'வண்டி' என்றே பெயர் விழுந்துவிட்டது. அப்படிப்பட்ட நான் இல்லத்துப் பணிக்கு மனு போட்டேன் என்றால் அதற்குக் காரணம் பகட்டு ஆசை இல்லை. இல்லத்துப் பணியாளருக்கு வாரத்தில் ஒரே ஒரு பயணம். செவ்வாய் போய் புதன் திரும்பினால் மீதி நாளெல்லாம் வீடு.

என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் பணி முடிந்து வரும்போது நான் கிளம்பியிருப்பேன். நான் வரும்போது அவள் கிளம்பியிருப்பாள். எங்கள் குடும்பமே ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டுகளில்தான் நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளிடம் பள்ளியில் குடும்பப் படம் வரையச் சொன்னார்களாம். அவள் இரண்டு படம் வரைந்திருக்கிறாள். ஒன்றில் அவளும் அம்மாவும், இன்னொன்றில் அவளும் நானும். ஏன் இரண்டு என்று டீச்சர் கேட்டதற்கு, "அவங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இருக்க மாட்டாங்க மிஸ்" என்று சொல்லிவிட்டாள்.

"இந்த வேலை கிடைச்சா மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்" என்றாள் மனைவி. "வாயை அடக்கிட்டு பாஸ் பண்ணிட்டு வாங்க."

வாயை அடக்குவதுதான் அந்த வேலையே என்பது பயிற்சிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. மூன்று வாரப் பயிற்சி. முதல் நாளே பெரிய எழுத்தில் பலகையில் எழுதிப்போட்டார்கள்: இல்லத்துப் பயணியிடம் கேள்வி கேட்கக் கூடாது. டீ வேண்டுமா, காபி வேண்டுமா என்று கேட்டால், அவரை நமக்குத் தெரியாது என்று அர்த்தமாகிவிடுமாம். தெரியாதவர்களைத்தான் கேட்க வேண்டும், தெரியாதவர்கள் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் இருப்பவரிடம் "உங்கள் தேநீர், சார்" என்று வைத்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான்.

எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் கோப்பு. ஒவ்வொரு இல்லத்துப் பயணிக்கும் ஒரு கோப்பு உண்டு. அவர் எதைக் குடித்தார், எதைப் பார்த்துச் சிரித்தார், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார் எல்லாம் அதில் ஏறும். ஏறியது இறங்காது. ஒரு வரியை நீக்க வேண்டுமானால் பயணியின் கையெழுத்து வேண்டும். கையெழுத்து வாங்க வேண்டுமானால் அவரிடம் கேட்க வேண்டும். கேட்கத்தான் கூடாதே.

தேர்வுப் பயணத்தில் எனக்கு வாய்த்தவர் குழாய் முதலாளி. பாதி உலகத்தின் குளியலறைகளில் அவர் தொழிற்சாலைக் குழாய்தான் ஒழுகிக்கொண்டிருக்கிறது. நாலு வருஷமாக மாதம் ஒருமுறை இல்லத்தில் பறப்பவர். அவர் கோப்பு பதினோரு பக்கம். நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை உப்பில்லாத தக்காளிச் சாறு. அறைக்குளிர் பதினேழு டிகிரி. ஜன்னல்கள் மூடியே இருக்க வேண்டும். ஒன்பதாம் நம்பர் செருப்பு. மெல்லிய வயலின்.

என்னைச் சோதிக்க ஒரு மேடம் வந்திருந்தார். இல்லத்தின் கதவுக்கு வெளியே இருந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் மூச்சு விடுவதற்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்.

முதலாளி ஏறினார். அறுபது வயசு இருக்கும், சின்ன உருவம். என்னைப் பார்த்ததும் அவர்தான் முதலில் வணக்கம் சொன்னார். நான் செருப்பை வைத்தேன். அவர் காலுக்கு ஏழாம் நம்பர் போதும் என்பது குருடனுக்கும் தெரியும். கோப்பைப் புரட்டினேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் சின்ன அளவு தீர்ந்துபோய், ஒன்பதைக் கொடுத்திருக்கிறார்கள். மனிதர் மரியாதைக்கு "பரவாயில்ல, நல்லா இருக்கு" என்றிருக்கிறார். அன்றிலிருந்து அவர் ஒன்பதாம் நம்பர்தான். பதினேழு டிகிரிக்கும் அப்படியொரு பின்கதை இருந்தது. ஒருநாள் காய்ச்சலோடு வந்தவர் குளிர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். காய்ச்சல் விட்டுவிட்டது, குளிர் விடவில்லை.

"உங்கள் தக்காளிச் சாறு, சார்."

போர்வையைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டுக் குடித்தார். எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் வாசலில் மேடம் இருந்தார், என் கண்ணுக்குள் மகளின் இரண்டு படங்கள் இருந்தன. வாயைத் திறக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் 'உறக்கம்' என்ற விளக்கு எரிந்தது. அது எரிந்தால் கதவைத் தட்டக்கூடாது. மேடம் சாப்பிட எழுந்து போனார். நான் அடுத்த சாற்றுக்காகச் சமையல் மூலையில் நின்றேன். திரும்பி வந்தபோது கதவுக்குப் பக்கத்துத் திரைச்சீலை ஓரத்தில் ஒரு செருப்பு கிடந்தது. ஒன்பதாம் நம்பர்.

திரையை விலக்கிப் பார்த்தேன். இருபதாவது வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு செருப்பு. இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, யாரையோ தேடுகிறவன் மாதிரி காட்டிக்கொள்ளாமல், வால்வரைக்கும் போனேன்.

கடைசி வரிசைக்கு முந்தின வரிசை, நடு இருக்கை. ஒரு பக்கம் தூங்கி வழியும் ஒரு ஆள், இன்னொரு பக்கம் மடியில் குழந்தையோடு ஒரு அம்மா. நடுவில் குழாய் முதலாளி, முழங்காலை முன் இருக்கையில் முட்டக் கொடுத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தார். என்னோடு பல வருஷம் வேலை பார்த்த அக்கா வண்டியை அங்கே நிறுத்தியிருந்தாள்.

"சார், கோழியா காய்கறியா?"

முதலாளி அந்தக் கேள்வியை வாயில் போட்டுச் சப்புகிறவர் மாதிரி யோசித்தார். கூரையைப் பார்த்தார். பக்கத்து அம்மாவின் தட்டை எட்டிப் பார்த்தார்.

"சார், பின்னாடி இன்னும் ஒரு வரிசை பாக்கி இருக்கு" என்றாள் அக்கா.

"கோழி!" என்றார் அவர். நல்ல சத்தமாகவே சொன்னார்.

அக்கா வண்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "கோழி தீந்துடுச்சு சார். காய்கறிதான் இருக்கு."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். தூங்கிக்கொண்டிருந்த ஆள் முழித்துக்கொண்டான். "அப்ப காய்கறியே குடுங்கம்மா" என்று தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் குனிந்து காதருகே சொன்னேன். "சார், உங்கள் அறை முன்னால் இருக்கிறது."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன வண்டி, சார்கிட்ட அறிவிப்புப் பலகை மாதிரி பேசற? என்ன ஆச்சு உனக்கு?"

மூன்று வாரம் அடக்கி வைத்திருந்தது அங்கே உடைந்துவிட்டது. "ஏன் சார் இப்படிப் பண்றீங்க?" என்றேன். கேள்விதான். கேட்டேவிட்டேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "தம்பி, நாலு வருஷமா அந்த ரூம்ல என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. பணக்காரங்க உலகம்னா இப்படித்தான் போலன்னு நானும் பேசாம இருந்துட்டேன். தக்காளி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. சொன்னா, இவனுக்கு இதெல்லாம் பழக்கமில்லன்னு நெனச்சிடுவாங்களோன்னு கூச்சம். இந்தம்மா என்னைக் கேட்டாங்க பாருங்க, அதுலயே வயிறு நெறஞ்சிடுச்சு. நான் இங்கயே இருந்துக்கறேனே?"

எனக்கு வருத்தமாக இருந்தது. அவருக்காகப் பாதி, எனக்காகப் பாதி. மறைக்காமல் சொன்னேன். வேலை, செவ்வாய்க்கிழமை, மனைவி, மகளின் இரண்டு படங்கள், வாசலில் உட்கார்ந்திருக்கும் மேடம், எல்லாவற்றையும். அக்கா வண்டியைத் தள்ள மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதலாளி தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். பிறகு பக்கத்துக் குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"வாங்க தம்பி. உங்க பொண்ணு ஒரே படமா வரையட்டும்."

திரைச்சீலையை விலக்கினால் எதிரே மேடம். உறக்க விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, உறங்க வேண்டியவர் வெறுங்காலோடு பின்னாலிருந்து வருகிறார். மேடத்தின் உதடு துடித்தது. எங்கே போனீர்கள் என்று கேட்டாக வேண்டும். ஆனால் கேட்கக் கூடாது! விதியை எழுதியவர்களில் அவரும் ஒருவர். விழுங்கிவிட்டு, குனிந்து, "உங்கள் அறை, சார்" என்று கதவைத் திறந்துவிட்டார்.

கதவு மூடியதும் என் பக்கம் திரும்பினார். என்னிடம் கேள்வி கேட்கத் தடையில்லையே.

"எங்க இருந்தார்? என்ன பண்ணினார்? ஒண்ணு விடாம கோப்புல எழுதுங்க. அதை வெச்சுத்தான் உங்க முடிவு."

எழுத உட்கார்ந்தேன். இந்த மனிதருக்கு நல்லது செய்யக் கடவுள் கொடுத்த சந்தர்ப்பம் என்றுதான் நினைத்தேன். 'இவரிடம் கேளுங்கள்' என்று ஒரு வரி எழுதினால் போதும். கோப்பில் ஏற்றுமுன் வரைவுத் தாளில் எழுதினேன். படித்துப் பார்த்தேன். விதியையே தப்பு என்று சொல்கிற மாதிரி இருந்தது. மேடம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வரவும், பயந்து அந்த வரியை அழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக, பயிற்சியில் சொல்லிக்கொடுத்த கோப்பு நடையில் நடந்ததை மட்டும் எழுதினேன். கடைசிக்கு முந்தின வரிசை, நடு இருக்கை, முழங்கால் முட்டியது. பக்கத்தில் குழந்தை. கோழி தீர்ந்துவிட்டதாகத் தெரிவிக்கப்பட்டது. காய்கறி வழங்கப்பட்டது. பயணி மிகுந்த மகிழ்ச்சி அடைந்தார். படிக்கிறவர்களுக்கு மூளை இருக்கும், புரிந்துகொள்வார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வேலை கிடைத்தது. அந்த வருஷத்தின் மிக நுட்பமான கோப்புப் பதிவு என்று பாராட்டுச் சான்றிதழும் கொடுத்தார்கள். செவ்வாய் போய் புதன் வந்தேன். எங்கள் சமையலறை மேஜைக்கு மூன்றாவது நாற்காலி ஒன்று வாங்கினோம். மகள் சாப்பிடும்போது எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கண்ணை எடுத்தால் ஒருத்தர் கிளம்பிவிடுவோமோ என்கிற மாதிரி.

மூன்று மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டு, குழாய் முதலாளிக்கென்று இல்லத்தைப் புதுப்பித்திருப்பதாகச் சொன்னார்கள். அதுவரை அவரை வேறு விமானத்தில் அனுப்பியிருந்தார்களாம். போய்ப் பார்த்தேன். கூடத்தில் இருந்த சோபாவைக் காணோம். அந்த இடத்தில் வால் பக்கத்து இருக்கைகள் மூன்று, அவற்றுக்கு முன்னால் முழங்கால் முட்டுகிற தூரத்தில் இன்னொரு வரிசை. முட்டுகிற தூரத்தை அளந்து வைக்க ஒரு பொறியாளர் வெளியூரிலிருந்து வந்தாராம். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஒலிபெருக்கியில் குழந்தை அழும். எனக்கு இரண்டு நாள் தனிப் பயிற்சி. பயணியின் முன்னால் சற்றுச் சலித்த முகத்தோடு நின்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சலிப்பில் நான் நூற்றுக்கு நூறு வாங்கினேன்.

அவர் வந்தார். நடு இருக்கையைப் பார்த்ததும் அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தார். பிறகு போய் உட்கார்ந்தார். முழங்கால் முட்டியது. குழந்தை அழுதது. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். எனக்குப் பின்னால் மேடமும், கம்பெனியிலிருந்து மூன்று பெரிய அதிகாரிகளும் நின்றார்கள்.

முதலாளி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்ணில் அப்படியொரு ஆவல். வாய் பாதி திறந்து, பதில் தயாராக நின்றது. இரண்டே வார்த்தை, ஒரு கேள்வி, அதற்குமேல் ஒன்றுமில்லை. கேட்டுவிட்டால் அந்த மனிதர் பிழைத்துப்போவார். நான் மறுபடி வாலுக்குப் போவேன்.

குளிர்பெட்டி நிறையக் கோழி இருந்தது.

"கோழி தீர்ந்துவிட்டது, சார்" என்றேன்.

அதிகாரிகளில் ஒருவர் மெதுவாகக் கைதட்டினார். காய்கறித் தட்டை அவர் முன் வைத்தேன். வெட்கத்தில் எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"தம்பி, வீட்ல எத்தனை மணிக்குச் சாப்பிடறீங்க?" என்று அவர் கேட்டார்.

"எட்டு மணிக்கு சார்."

"மூணு பேரும்?"

"மூணு பேரும் சார்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, அவர் தட்டின் மூடியைத் திறந்தார்.