உள்ளங்கை வேர்வை

மூன்று வருஷமாக, ஊர்த் திருவிழாவான கார்னிவலில் எலியேசரும் நானும் கும்பியா நடனம் ஆடும் ஜோடி. கும்பியாவில் ஆண் பெண்ணைத் தொடக்கூடாது. தொப்பியை நீட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வரலாம், அவ்வளவுதான். ஆட்டம் முடிந்த பிறகும் அந்த விதியைக் கடைப்பிடிக்கிற ஒரே மடையன் பர்ரங்கியா ஊரிலேயே இவன்தான். வருகிற புதன்கிழமை தலைநகர் பொகோட்டாவுக்கு வேலை மாற்றலாகிப் போகிறான். அதற்குள் வாய் திறந்து கேட்டுவிட மாட்டானா என்று எனக்குத் தவிப்பு. நானே கேட்டால் என்ன என்கிறீர்களா? மாட்டேன், எனக்கும் திமிர் உண்டு.

சனிக்கிழமை ஊர்வலத்துக்கு வரிசையில் நின்றிருந்தோம். மண்டையைப் பிளக்கும் வெயில். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தடுக்கி விழுந்து, இவன் இரண்டு உள்ளங்கையையும் சிராய்த்துக்கொண்டிருந்தான். தோல் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அல்லவா, பையிலிருந்த அயோடினை எடுத்துக் கை முழுக்கப் பூசிக் காயவிட்டான். அந்த நேரம் பார்த்து என் அக்கா யாதிரா, கார்னிவல் வழக்கப்படி, ஒரு பொட்டலம் சோளமாவை எங்கள் மேல் வீசினாள்.

அவன் என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வந்து, மென்று விழுங்கினான். அவன் உள்ளங்கையில் கருநீலப் புள்ளிகள் பொடிப்பொடியாகக் கிளம்பின.

"ஐயையோ, தம்பிக்குக் கையில கரும்புள்ளி குத்திட்டாங்க!" என்று யாதிரா அலறினாள்.

"வேர்வைக்கா," என்றான் எலியேசர். "அயோடினும் மாவும் வேர்வை பட்டா கறுத்துடும். எங்க வேர்க்குதுன்னு ஆஸ்பத்திரில இப்படித்தான் பாப்போம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுரப்பியோட வாய். ரத்தம் சூடானா மூளை உத்தரவு போடும், சுரப்பி தண்ணிய மேல தள்ளும், அது காயுறப்ப சூட்டையும் கொண்டுபோயிடும். எல்லாம் வெயில்தான். வேற ஒண்ணுமில்ல."

"வேற ஏதாச்சும் இருக்கான்னு உன்னை யாரு கேட்டா?" என்றாள் அக்கா.

யாதிரா பாட்டிலைப் பிடுங்கித் தன் நெற்றியிலும் உள்ளங்கையிலும் பூசினாள். காய்ந்ததும் மாவைத் தட்டினாள். நெற்றி அடுப்புக்கரியாகக் கறுத்தது. உள்ளங்கை பழுப்பாக அப்படியே இருந்தது.

"எனக்கும் இதே வெயில்தானே? என் கை ஏன் கறுக்கல?"

மாட்டிக்கொண்டான். "உள்ளங்கை வெயிலுக்கு அவ்வளவா வேர்க்காதுக்கா. அது... மனசு படபடத்தாத்தான்."

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். யாதிரா விடுவாளா? என் கையை இழுத்து அயோடினைக் கவிழ்த்தாள்.

"வேணாங்கா! சொன்னாக் கேளு!"

அயோடின் காய்ந்து மாவு விழுந்ததுதான் தாமதம், என் உள்ளங்கை மை கொட்டினதுபோல் கறுத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. சந்தோஷம் அதற்கும் மேலே குதித்தது.

முரசு அதிர்ந்து வரிசை நகர்ந்தது. எலியேசர் தொப்பியைத் தலையில் கவிழ்த்துவிட்டு என் கையைப் பிடித்தான்.

"தொடாதே! தொடாதேங்கிறேன்!" என்று பின்னாலிருந்து குழுத்தலைவர் கத்தினார்.

"பொகோட்டா குளிர் ஊரு," என்றான். "அங்க யாருக்கும் வேர்க்காது. எனக்கு மட்டும் உள்ளங்கை வேர்க்கணும். வர்றியா?"

"இதைக் கேக்க மூணு வருஷமாடா? வர்றேன், நட!"