கண்டிச் சீமைக் குடை

பன்னிரண்டு வருசம் கண்டிச் சீமைத் தேயிலை மலையில் முதுகு வளைத்துவிட்டுக் காளியன் ஊர் திரும்பியபோது, கையில் மிஞ்சியது ஒரு தகரப் பெட்டியும் ஒரு கறுப்புக் குடையும்தான். தேயிலை விலை விழுந்துவிட்டது என்று தோட்டத்தில் பாதிப் பேருக்குச் சீட்டைக் கிழித்துக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். பெண்டாட்டி செல்லி வயிற்றில் ஐந்து மாசப் பிள்ளையோடு கரை இறங்கினாள். பென்னாகரத்துக்கு மேற்கே மூன்று மைலில் இருக்கிற சொந்தச் சேரிக்கு வந்துதான் பெற்றாள். பெண் குழந்தை. பாஞ்சாலி என்று பேர் வைத்தார்கள்.

பெட்டியைப் பற்றி ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. குடையைப் பற்றித்தான் கேட்டார்கள். கேட்கக் காரணம் உண்டு. சேரியிலிருந்து வெளியே போக வேண்டுமானால் ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும். தெருவின் இந்த முனையில் ஒரு புளியமரம், அந்த முனையில் மாரியம்மன் கோயில். புளியமரத்தடியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும், தோள் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும், குடை இருந்தால் மடக்கிக் கக்கத்தில் வைக்க வேண்டும். வெயிலோ மழையோ, கோயில் தாண்டித்தான் மறுபடி விரிக்கலாம். எழுதி வைத்த சட்டம் இல்லை. எழுதாததைத்தான் அழிக்கவும் முடியவில்லை.

வந்த மறுநாள் கிணற்றடியில் ஆண்டி கேட்டான். "ஏன் மாமா, அங்கயும் குடையை மடக்கோணுமா?"

காளியனுக்குப் பொய் சொல்லும் எண்ணம் இல்லை. ஆனால் ஆண்டியோடு சேர்ந்து நாலைந்து பேர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவன் வாயையே பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு வேறு பதில் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

"அங்க குடையை மடக்கோணும்னா மழை நிக்கோணும். மனுசனுக்காக மடக்குற பேச்சே கிடையாதுடா."

சேரியே அன்றைக்குச் சிரித்துக்கொண்டு தூங்கியது.

அவன் சொன்ன மற்றதெல்லாம் நிசம். கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் வரிசையாகக் காம்பரா அறைகள், நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் எந்தச் சாதி, இந்தப் பக்கம் எந்தச் சாதி என்று சுவருக்குத் தெரியாது. குழாயடியில் எவன் வாளி முன்னால் இருக்கிறதோ அவனுக்கு முதல் தண்ணீர். டவுன் டீக்கடையில் எல்லாருக்கும் ஒரே கிளாசு, ஒரே பெஞ்சு. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவன், "எந்த ஊரு?" என்று கேட்பான். "என்ன ஆளு?" என்று கேட்க மாட்டான். இத்தனையும் நிசம். குடை ஒன்றுதான் பொய்.

தோட்டத்து ரோட்டு வளைவில் வெள்ளைக்காரத் துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், கூலியாட்கள் அத்தனை பேரும் ஓரத்துக் கானில், அந்தச் சாக்கடைப் பள்ளத்தில், இறங்கிவிட வேண்டும். குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கி, தலைத்துணியை எடுத்து, குனிந்து நிற்க வேண்டும். மழை கொட்டட்டும், அட்டை கடிக்கட்டும், வண்டி தாண்டும் வரை அசையக் கூடாது. சத்தத்தை முதலில் கேட்டவன் அடுத்தவனுக்குக் குரல் கொடுப்பான். ஒருத்தனை ஒருத்தன் காப்பாற்றிக்கொள்ள அவர்களுக்கு இருந்த ஒரே வழி அது. காளியன் பன்னிரண்டு வருசம் மடக்கினான்.

இந்த விசயம் தெரிந்த ஒருத்தன் ஊருக்குள்ளேயே இருந்தான். மணியக்காரர் தீர்த்தகிரியின் அக்கா மகன் மாதேஸ். அவனும் அதே தோட்டம், அதே லயம். காளியனுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரே சுவர். அவனுக்கு மலைக் காய்ச்சல் வந்து கிடந்தபோது பத்து நாள் செல்லிதான் கஞ்சி ஊற்றினாள். "அண்ணே, அண்ணே" என்று காளியனையே சுற்றி வந்த பையன். ஆறு மாசம் முன்னாலேயே ஊர் திரும்பிவிட்டான். வந்தவன், தான் அங்கே கணக்கப்பிள்ளையாக இருந்ததாகச் சொல்லி ஒரு காக்கிக் கோட்டும் போட்டுக்கொண்டான். அவன் அங்கே செய்தது தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை. கத்தி பிடித்த காய்ப்பு இன்னும் உள்ளங்கையில் இருந்தது.

காளியன் வந்த வாரம் இரண்டு பேரும் சோளக்காட்டு வரப்பில் எதிர்ப்பட்டார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். வாய் திறக்காமலே ஒப்பந்தம் ஆகிவிட்டது: என் பானையை நீ உடைக்காதே, உன் பானையை நான் உடைக்கவில்லை.

"என்னடா காளியா, சவுக்கியமா?" என்றான் மாதேஸ்.

அந்த 'டா'வைக் காளியன் விழுங்கிக்கொண்டான். "சவுக்கியந்தானுங்க."

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் சந்தையிலிருந்து குழந்தையோடு திரும்பினார்கள். கோயில் வந்ததும் காளியன் தானாகவே குடையை மடக்கினான். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. யாரும் கேட்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் மடக்கினான். தெரு நீளத்துக்கும் குழந்தை நனைந்தது. மூன்றாம் நாள் அதன் நெஞ்சு கர்கர் என்று இழுத்தது.

செல்லி அதற்குப் பிறகுதான் பேசினாள். "அங்கயாவது துரை வந்தான், மடக்குன. இங்க எவன் வந்தான்னு மடக்குன? வெறுந்தெருவுக்கா?"



சனிக்கிழமை குழந்தை பால் குடிக்கவே மறுத்துவிட்டது. பென்னாகரம் டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். ஏரிக்கரைப் பாதையில் இடுப்பளவு தண்ணீர். ஊர்த்தெருதான் வழி. மழை சிணுங்கிக்கொண்டிருந்தது. குழந்தையைக் கம்பளியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு செல்லி முன்னால் நடக்க, அவள் தலைக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு காளியன் வந்தான். புளியமரத்தடியில் அவன் கட்டைவிரல் தானாகக் குடையின் மடக்கு வில்லுக்குப் போயிற்று.

"மடக்குனா நான் இங்கயே உக்காந்துக்குவேன்," என்றாள் செல்லி, திரும்பிப் பார்க்காமலே.

விரல் இறங்கிவிட்டது. நடந்தார்கள்.

பாதித் தெருவில் சாவடி. வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தர் சனிக்கிழமை தவறாமல் அந்தத் தெரு வழியாக ஒகேனக்கலுக்கு மீன் பிடிக்கப் போவார். அவருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுத்தான் மணியக்காரர் சாப்பிடவே போவார். அன்றைக்கும் சாவடி ஓட்டுக்கடியில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். எதிர்வீட்டு ரங்கம்மாள் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். மாதேஸ் கோட்டு நனையாமல் தன் குடையை விரித்து, எல்லாருக்கும் முன்னால் ரோட்டோரத்தில் நின்றான்.

"நில்றா," என்றார் தீர்த்தகிரி.

காளியன் நின்றான். குடையும் நின்றது.

"கண்டியில குடையே மடக்குறதில்லைன்னு சேரியில கதை படிக்கிறியாமே? நேத்துப் பொறந்த பசங்க எல்லாம் இப்பக் குடை கேக்குதுங்களாம். வந்த எடத்துல வசமா மாட்டுன. மாதேசு அங்க கணக்கப்பிள்ளையா இருந்தவன். நீ சொன்னது நெசம்னா இப்படியே போ. பொய்யின்னா குடையை இங்க வெச்சுட்டுப் போ. சொல்றா மாதேசு."

மாதேஸ் தொண்டையைச் செருமினான். காளியன் முகத்தைப் பார்க்காமல் குடைக்கம்பியைப் பார்த்தான். "மடக்குவாங்க மாமா. இவுங்க எல்லாம் மடக்குவாங்க."

"நீ?"

"நான்தான் ஆபீசுல இருந்தேனே."

சாவடியில் ஒரே சிரிப்பு. "அப்பறம் என்ன, குடையை வை," என்றார் தீர்த்தகிரி.

செல்லியின் கைக்குள் குழந்தை ஒரு தரம் இருமியது. சின்ன உடம்பு முழுக்க அந்த இருமலில் ஆடியது. காளியனுக்கு அந்த நிமிசத்தில் என்னவோ லேசாகிவிட்டது. பன்னிரண்டு வருசம் சுமந்த கூடையை இறக்கி வைத்த மாதிரி.

"நான் சொன்னது பொய்தானுங்க," என்றான். "மடக்குனேன். சாகறவரைக்கும் அந்தக் கானு தண்ணி என் காலுக்கு மறக்காது. நான் மட்டும் இல்லீங்க. நம்ம பக்கத்து ஆளுங்க, மதுரைப் பக்கத்து ஆளுங்க, இந்தத் தெரு மாதிரித் தெருவுல பொறந்தவங்க, எல்லாருந்தான் கானுல நின்னோம். துரை சாதி கேக்கலீங்க. எல்லாரையும் ஒரே பள்ளத்துல எறக்குனான். அது ஒரு அநியாயம். இங்க நடக்கிறது இன்னொண்ணு. அங்க மடக்குன கை எனக்குப் போதுமுங்க. இங்கயும் மடக்குறதுக்கு எங்கிட்ட வேற கை இல்லை."

"பேச்சு நீளுதே?" என்றார் தீர்த்தகிரி. "கானுல எங்க ஆளு நின்னானா? எவன் நின்னான்? பேரைச் சொல்லு பாப்பம்."

காளியன் மாதேசைப் பார்த்தான். மாதேசின் முகத்தில் ரத்தம் இல்லை.

"பேரு சொல்ல மாட்டனுங்க. நின்னவங்களுக்குத் தெரியும்."

அப்போதுதான் கிழக்கே கோயில் திருப்பத்தில் அந்தச் சத்தம் எழுந்தது. பட்பட்பட் என்று மோட்டார் சைக்கிள். திருப்பத்தில் நீளமாக ஒரு ஹாரன்.

"அண்ணே! துரை!"

கத்தியது மாதேஸ். கத்தினான், கத்தின வேகத்திலேயே குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கினான், சாக்கடைப் பள்ளத்தில் குதித்தான், தலைத்துணியை உருவி மார்போடு பிடித்துக் குனிந்தான். எல்லாம் ஒரு மூச்சுக்குள். முழங்கால் வரை சேறு.

காளியன் விரலும் வில்லுக்குப் போய்விட்டது. மறைத்துப் பயனில்லை, போகத்தான் போயிற்று. குடை பாதி தாழ்ந்துகூட விட்டது. செல்லி ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குடைக்காம்பை மேலே தூக்கினாள்.

"புள்ள நனையுது," என்றாள். அவ்வளவுதான்.

குடை நிமிர்ந்தது. மோட்டார் சைக்கிள் அவர்களைத் தாண்டிப் போயிற்று. பின்னால் கட்டியிருந்த தூண்டில் கம்புகள் ஆடின. துரை குடையையும் பார்க்கவில்லை, பள்ளத்தில் நின்றவனையும் பார்க்கவில்லை, மணியக்காரர் வைத்த சலாமையும் பார்க்கவில்லை. சக்கரம் வாரி அடித்த சேறு மட்டும் காக்கிக் கோட்டின் மேல் போய் அப்பியது.

 

முதலில் வாய் திறந்தது ரங்கம்மாள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏன்டா மாதேசு, கணக்கப்பிள்ளைக்குச் சாக்கடையில என்னடா கணக்கு?"

சாவடியில் ஒருத்தன் குபுக்கென்று சிரித்து, மணியக்காரர் திரும்பியதும் அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

தீர்த்தகிரிக்குக் குடை மறந்துவிட்டது. "அண்ணேவா?" என்றார். "யாரைடா அண்ணேன்னு கூப்புட்ட?"

மாதேஸ் பள்ளத்தை விட்டு ஏறவில்லை. மழை அவன் தலையில் இறங்கியது. மடக்கின குடை கக்கத்திலேயே இருந்தது.

மணியக்காரர் கோபத்தைக் கொட்ட இடம் தேடினார். "காளியா, நாளைக்கு நீ என் காட்டுப் பக்கம் வேலைக்கு வராதே."

"சரிங்க," என்றான் காளியன். ஒகேனக்கல் ரோட்டுக்குச் சல்லி உடைக்க மேஸ்திரி ஆள் தேடிக்கொண்டிருந்தான். கல் உடைப்பதற்குத் தேயிலைக்காரன் தோள் பயப்படாது. "குழந்தைக்கு முடியலைங்க. நேரமாவுது, போறனுங்க."

இரண்டடி வைத்தவன் பள்ளத்தருகே நின்றான். லயத்தில் பேசுகிற குரலிலேயே, தணிவாகச் சொன்னான்: "மாதேசு, துரை போயிட்டான். குடையை விரி. காய்ச்சக் கண்ட ஒடம்பு."

கோயில் தாண்டும்போது பின்னால் டப்பென்று ஒரு குடை விரிந்த சத்தம் கேட்டது. காளியன் திரும்பிப் பார்க்கவில்லை. செல்லி பார்த்தாள்.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து மருந்து கொடுத்தார். ஈரம் படாமல் வைத்துக்கொண்டால் நாலு நாளில் சரியாகிவிடும் என்றார். அங்கேயே வயிறாரப் பால் குடித்துவிட்டுக் குழந்தை தூங்கியது.

திரும்பி வரும்போது மழை விட்டு மஞ்சள் வெயில் அடித்தது. சாவடியில் நாலு பேர் இருந்தார்கள். மணியக்காரர் வேறு பக்கம் பார்த்தார். காளியன் குடையை விரித்தபடியே நடந்தான். காலையிலிருந்து தூக்கிய கை விண்விண் என்று தெறித்தது.

"மழைதான் நின்னுடுச்சே, மடக்கேன்," என்றாள் செல்லி. அவள் வாயோரத்தில் சிரிப்பு இருந்தது.

"புளியமரம் தாண்டட்டும்," என்றான் காளியன்.