வெற்றிலைக்காரத் தெருவுக்கு வந்த 27ஜி

எங்கள் ஊரில், நகராட்சி இணையதளம் ஏற்றுக்கொள்ளும் முகவரிக்கு மட்டும்தான் போய்ச் சேர முடியும். தளம் ஏற்காத முகவரியைத் தேடிக் கிளம்பியவர், எந்தப் பக்கம் திரும்பினாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில்தான் வந்து நிற்பார். அங்கே ‘நீங்கள் தேடும் பக்கம் இல்லை’ என்று ஒரு பலகை இருக்கிறது. பக்கத்தில் நல்ல டீக்கடையும் உண்டு.

எந்தத் தெருவின் முகவரி எப்படி இருந்தால் தளம் ஏற்கலாம் என்று வடிவம் எழுதுவது நகராட்சியில் என் வேலை. தொழிலில் அதை ரெஜெக்ஸ் என்போம். நான் வேலைக்குச் சேரும் முன் அப்படி ஒன்றும் கிடையாது. வீட்டு எண் வர வேண்டிய இடத்தில் எது வேண்டுமானாலும் வரலாம். ஒரு தடவை பங்குனி மாதம் வந்து வெற்றிலைக்காரத் தெருவில் ஒரு வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டது. ஐப்பசி மழையிலும் அந்த வீட்டார் மட்டும் விசிறிக்கொண்டிருந்தார்கள். பிறகுதான், எண்களுக்கு மட்டும் அனுமதி என்று ஒரு வரி எழுதினேன். பங்குனி எழுந்து போயிற்று. என் மேலதிகாரி பூவராகன் அந்த வரியை அச்செடுத்துத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.

போன மாதம் அதே தெருவில் பதினான்காம் எண் வீட்டை அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமல் பாகம் பிரித்துக்கொண்டார்கள். தம்பி இளம்பரிதிக்கு வந்த பாதி 14ஏ ஆனது. ஏ என்பது எண் இல்லை. 14ஏ ஆன அன்று காலை கறிவேப்பிலை வாங்கப் போன இளம்பரிதி, கையில் கறிவேப்பிலையோடு மைதானத்தில் நின்றார். வீட்டில் தனியாக இருந்த அவர் மனைவி திலகவதிக்கு நிறைமாதம். அவள்தான் எனக்கு போன் செய்தாள்.

“வலி விட்டு விட்டு வருது மேடம். வெளிய போறதுக்குத் தடை ஒண்ணும் இல்ல, நடந்தே போயிருவேன். ஆனா பிள்ளையத் தூக்கிட்டு எந்த வீட்டுக்குத் திரும்பி வர்றது?”

பூவராகனிடம் ஓடினேன்.

“எழுத்துக்கு இடம் குடுத்தா பங்குனி மறுபடி வந்து உக்காரும்மா,” என்றார்.

“பங்குனியில நாலு எழுத்து இருக்கு சார். முன்னால நம்பரும் இல்ல. நம்பருக்குப் பின்னால ஒரே ஒரு எழுத்துன்னு எழுதறேன்.”

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “சரி, எழுது,” என்றார்.

எழுதினேன். தெருவின் வீட்டு எண்களை எல்லாம் போட்டுப் பார்த்தேன், தேறின. வர வேண்டியது வருகிறதா என்றுதான் பார்த்தேன். வேறு என்னவெல்லாம் வரும் என்று பார்க்கத் தோன்றவில்லை. எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற காரியம்தான் இது.

வடிவத்தைத் தளத்தில் ஏற்றியதும் இளம்பரிதி டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார். அவர் வாசலை மிதிக்கும்போது, பின்னாலேயே 27ஜியும் வந்து சேர்ந்தது. நம்பர், பின்னால் ஓர் எழுத்து. டவுன் பஸ்ஸைத் தடுக்கும்படி நான் எதுவும் எழுதியிருக்கவில்லை. எழுத்து வைத்த வீடு அந்தத் தெருவில் அது ஒன்றுதான் என்பதால், பயணிகளோடு அங்கேயே நின்றது.

“ஆஸ்பத்திரி போவுமா?” என்று திலகவதி கேட்டாள்.

“ஏறும்மா. முன் சீட்டு காலியா இருக்கு,” என்றார் கண்டக்டர்.

பெண் குழந்தை. இரண்டொரு நாளில் மூன்று பேரும் அதே பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். கறிவேப்பிலை மட்டும் வாடிவிட்டது.

பெயர் வைக்கும் நாளன்று நானும் போயிருந்தேன். அண்ணன் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. கூடத்தில் 27ஜியும் 9டியும் பாயில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தன.

“பஸ்ஸுங்களைத் தடுக்கணும்னா இன்னொரு வரி எழுதறேன்,” என்றேன்.

“வேண்டாம் மேடம். எங்களுக்குன்னு வேற யாரு வர்றா?” என்றாள் திலகவதி.

27ஜி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டியது. அவள் குழந்தையை அதன் மடியில் கொடுத்தாள்.

“தலை இன்னும் நிக்கல. பாத்துப் பிடி,” என்றாள்.