மூன்றாவது முங்கு

காணும் பொங்கலென்றால் செஞ்சிக் கடைத்தெருவே பெரிய ஏரிக்கு வந்துவிடும். அறுபத்தைந்தாம் வருஷமும் அப்படித்தான். புளிச்சோறு, டிரான்சிஸ்டர், பரிசல் சவாரி என்று ஒரே அமர்க்களம். எந்த ராஜா வெட்டிய ஏரி என்பதில் ஆளுக்கொரு கதை. வெட்டியவர் கிடக்கட்டும், இன்றைக்கு அதைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவன் யாரென்று ஒருத்தராவது கேட்டிருப்பார்களா?

அந்த ஆள் மதகுக்காரர் பிலவேந்திரன். வயது ஐம்பத்தெட்டு. மதகை மேலிருந்து திறக்கும் கம்பி முறிந்து எத்தனையோ வருஷமாகிறது. மனு போட்டு ஊரே சலித்துவிட்டது. அதனால் தண்ணீர் விடும் நாளெல்லாம் அவர் கடப்பாரையோடு முங்கி, அடித் துவாரத்தை அடைத்திருக்கும் கட்டையை நெம்பி எடுக்க வேண்டும். இன்று கடைமடை வயல்களின் முறை. அங்கே பிந்தி நட்ட நெல் பால் பிடிக்கிற சமயம், தண்ணீர் போகாவிட்டால் அத்தனையும் பதர். அவருக்கோ இப்போதெல்லாம் மூச்சு நிற்பதில்லை. சொன்னால் வேலை போய்விடும்.

முதல் முங்கில் கட்டையைத் தொட்டதோடு சரி. மேலே வந்தால் பரிசலில் கைதட்டுகிறார்கள்! வித்தை காட்டுகிறாராம். ஜவுளிக்கடை கோவிந்தராஜ், "இன்னொருவாட்டி முங்குப்பா, புள்ளைங்க பாக்கல" என்றார். பிலவேந்திரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபப்படவும் மூச்சு வேண்டுமே. இரண்டாம் முங்கில் காதெல்லாம் இரைந்தது. கடப்பாரையை அங்கேயே விட்டுவிட்டு வந்து மதகுத் தூணைக் கட்டிக்கொண்டார். அதற்கும் கைதட்டல்.

கரையில் நின்ற அவர் மனைவி சவரியம்மாள் கால்வாயைப் பார்த்தாள். பொட்டுத் தண்ணீர் இல்லை. அல்லிக்கிழங்கு பறித்தே வளர்ந்தவள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நீந்தி வந்தாள். மதகைப் பொம்பளை தொட்டால் ஏரி வற்றிவிடும் என்பது ஊர்ப் பேச்சு. பிலவேந்திரன் வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் முங்கிவிட்டாள்.

கைதட்டல் நின்றுபோனது. அவர் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கால்வாயில் தண்ணீர் குபுகுபுவென்று விழுந்த பிறகுதான் அவள் தலை தெரிந்தது.

தூணைப் பிடித்துக்கொண்டு அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "போன தடவ பாதியில ஏறி வந்தியே. கட்ட தானா கழண்டுக்கிச்சின்னு மாதாவுக்கு மெழுவத்தி கொளுத்தின. விடியக்காத்தால முங்கிப் புடுங்கனது நான்தான்."

பரிசலிலிருந்து கோவிந்தராஜ், மதகைத் திறந்தது யாரென்று கேட்டார்.

"எம் பொஞ்சாதி. என்னால முடியல," என்றார் பிலவேந்திரன், எல்லாருக்கும் கேட்கும்படி.

வேலை போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். இனி முங்க வேண்டாம் என்பதும் தெரியும். அப்பாடா என்றிருந்தது, அழுகையும் வந்தது.